நான்கு மெதுவான உருப்படிகளுக்கு மூன்று மாத அலைச்சல்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கச்சேரி முடிந்தது. மேல் உதட்டில் மவுத்பீஸ் பதிந்த வட்டம் மறைந்துவிட்டது, ஆனால் மூன்று மாதம் அலைந்த அலுப்பு இன்னும் இறங்கவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். யூபோனியத்தில் (சின்ன ட்யூபா மாதிரியான பித்தளை ஊதுவாத்தியம்) முதல் தனிக் கச்சேரிக்கு மெதுவான உருப்படி தேடுகிறவர்களுக்கு, நான் தொலைத்த பணமும் விடுமுறை நாளும் மிச்சமாகட்டும்.

நான் நாகர்கோவில் பக்கம். அப்பா இரட்சணிய சேனை பேண்டில் முப்பது வருடம் யூபோனியம் ஊதியவர். எனக்கும் அவர்தான் வாத்தியார். நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து வந்து, மேற்கு யார்க்ஷயரில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். பேர்பெற்ற பித்தளை பேண்டான பிளாக் டைக்கின் ஊர் குவீன்ஸ்பரிக்கு இங்கிருந்து பஸ்ஸில் போய்விடலாம். ஊருக்கு ஊர் பித்தளை பேண்ட் இருக்கிற பகுதி இது. எங்கள் ஊர் மெதடிஸ்ட் சபையில் மதிய இசைக்கு நாற்பது நிமிடம் கொடுத்தார்கள், பியானோவோடு. வேகமான உருப்படிக்குக் கவலையே இல்லை. ஆர்பனின் ‘கார்னிவல் ஆஃப் வெனிஸ்’ சின்ன வயதிலிருந்தே விரலில் இருக்கிறது. என்னைப் படுத்தியதெல்லாம் மெதுவான நான்கும்தான்.

முதல் தப்பு, ஒலிப்பதிவைக் கேட்டுத் தேர்ந்தெடுத்தது. இரவுப் பணி முடிந்து பஸ்ஸில் வரும்போது காதில் மாட்டிக்கொண்டு, எது கண்ணைக் கலங்க வைக்கிறதோ அதையெல்லாம் குறித்துக்கொண்டேன். பதினோரு உருப்படி சேர்ந்தது. அதில் பாதி, செல்லோவுக்கோ குரலுக்கோ எழுதி, பிறகு நம் வாத்தியத்துக்கு மாற்றியவை. செல்லோவுக்கு வில் இருக்கிறது, அதைத் திருப்பி இழுத்தால் ஸ்வரம் தொடரும். நமக்கு மூச்சு தீர்ந்தால் ஸ்வரமும் தீர்ந்தது. காதுக்கு இதமாக இருந்த ஒரு வரி வாயில் வைத்தபோது பாதியில் அறுந்தது.

பட்டியலில் முதலில் இருந்தது ஜோசப் ஹோரொவிட்ஸ் 1972இல் எழுதிய யூபோனியம் கான்செர்ட்டோவின் (தனி வாத்தியத்தை முன்னிறுத்திக் குழுவோடு வாசிப்பது) இரண்டாம் பகுதி, மெதுவான நடையில் போகும் அந்த லென்டோ. வியன்னாவில் பிறந்து, 1938இல் அகதியாக இங்கிலாந்து வந்தவர் அவர். நம் வாத்தியத்துக்கென்றே இப்படி ஒரு மெட்டு கிடைத்தது எங்கள் பாக்கியம். இதற்காகத்தான் ஒரு நாள் விடுமுறை வீணானது. இசை நூலகம் ஒன்றுக்குப் போன் செய்து, “ஹோரொவிட்ஸ் யூபோனியம் கான்செர்ட்டோ இருக்கிறதா?” என்று கேட்டேன். “இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளலாம்” என்றார்கள். இரண்டு பஸ் மாறிப் போனேன். கவுண்டரில் இருந்தவர் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைத் தூக்கி வைத்தார். உள்ளே இருந்தது முழு பேண்டுக்கான செட். கார்னெட்டிலிருந்து தாள வாத்தியம் வரை எல்லோருடைய தாளும் இருந்தது, பியானோ தாள் மட்டும் இல்லை. “சரி, யூபோனியம் தாளையாவது கொடுங்கள்” என்றேன். செட்டைப் பிரிக்க மாட்டார்களாம். முழு செட்டாகவும் தனி ஆளுக்குத் தர மாட்டார்களாம், பதிவு செய்த பேண்டுக்குத்தானாம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்றதற்கு, “நீங்கள் கேட்கவில்லையே” என்று பதில் வந்தது. திரும்பி வரும்போது மழை வேறு.

ஆகவே, கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்: பியானோவுக்குச் சுருக்கி எழுதிய பதிப்பா, சோலோ தாள் கூடவே வருகிறதா, அந்தத் தாள் எந்தக் கிளெஃபில் (எந்தக் கோட்டில் எந்த ஸ்வரம் என்று காட்டும் குறி) இருக்கிறது. இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் அடுத்த அடியையும் வாங்கினேன்.

ரஹ்மானினோவின் ‘வோகலீஸ்’, ஓபஸ் 34இல் பதினான்காவது பாட்டு. இணையத்தில் யூபோனியம் தாள் மட்டும் மலிவாகக் கிடைத்தது. பணம் கட்டி, பதிவிறக்கி, அச்சிட்ட பிறகுதான் பார்த்தேன், பேஸ் கிளெஃப். பித்தளை பேண்டில் வளர்ந்த எங்களுக்கு எல்லாம் ட்ரெபிள் கிளெஃப்தான். பேண்டில் பேஸ் ட்ரோம்போனைத் தவிர ட்யூபா வரைக்கும் அப்படித்தான். யூபோனியத்தில் அது தாளில் எழுதியதைவிட ஓர் ஆக்டேவும் ஒரு முழு ஸ்வரமும் கீழே ஒலிக்கும். பதிவிறக்கியதைத் திருப்பி எடுக்க முடியாது என்று கடைக்காரர்கள் ஒரே வரியில் பதில் போட்டுவிட்டார்கள். இரண்டு ராத்திரி உட்கார்ந்து பென்சிலால் ஒவ்வொரு ஸ்வரமாக மேலே ஏற்றி எழுதினேன். ஈ மைனர் எஃப் ஷார்ப் மைனர் ஆனது. மூன்று ஷார்ப் (ஸ்வரத்தை அரைப் படி ஏற்றும் குறி).

பிறகு ஒரு விஷயம் தெரிந்தது. உங்களுக்குப் பயன்படும். செல்லோ, பசூன் தாள்களில் மேல் ஸ்வரங்கள் பெரும்பாலும் டெனார் கிளெஃபில் இருக்கும். அதை நம் ட்ரெபிள் கிளெஃப் என்றே நினைத்து அப்படியே வாசிக்கலாம். கோடும் இடமும் அச்சாகப் பொருந்தும். முன்னால் இரண்டு ஷார்ப் கூட்டிக்கொள்ள வேண்டும், ஃப்ளாட் (அரைப் படி இறக்கும் குறி) இருந்தால் இரண்டைக் குறைக்க வேண்டும். இடையில் வரும் ஷார்ப், ஃப்ளாட் குறிகளில் மட்டும் கவனம் தேவை. இது முன்பே தெரிந்திருந்தால் பென்சிலைத் தொடுவதற்கு முன் செல்லோ தாளைத்தான் தேடியிருப்பேன்.

அதோடும் முடியவில்லை. பியானோ தாளை வேறு இடத்திலிருந்து இலவசமாக இறக்கி, எனக்குப் பியானோ வாசிக்க ஒப்புக்கொண்ட ஒரு அம்மையாரிடம் கொடுத்திருந்தேன். ஓய்வுபெற்ற இசை ஆசிரியை, மணிக்கணக்கில் பணம் வாங்குகிறவர். முதல் ஒத்திகையில் முதல் ஸ்வரம் ஊதினேன். அவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவரிடம் இருந்தது பாடகர்களுக்கான மூலப் பதிப்பு, சி ஷார்ப் மைனர். என் தாள் ஒலிப்பது ஈ மைனர், ஆர்க்கெஸ்ட்ரா பதிப்பின் சுருதி. அந்த ஒரு மணி நேரமும் போயிற்று, அதற்கான காசும் போயிற்று. சோலோ தாளையும் பியானோ தாளையும் ஒரே பதிப்பாக, ஒரே இடத்தில் வாங்குங்கள். மலிவு என்று பிரித்து வாங்காதீர்கள்.

அன்று இரவு அப்பாவுக்குப் போன் செய்தேன். சுருதிச் சண்டை தீர்ந்தாலும் இந்த வோகலீஸில் எனக்கு மூச்சு எட்டவில்லை, எங்கே விட்டாலும் மெட்டு உடைகிறது என்றேன். ஊதிக் காட்டச் சொன்னார். போனை மேசையில் வைத்து முதல் பக்கத்தை ஊதினேன்.

“மக்களே, இதுக்கு வார்த்த என்ன?” என்றார்.

“வார்த்தையே கிடையாதுப்பா. ஒரே உயிரெழுத்தை வச்சுப் பாடுறது.”

“அதான் சங்கதி. கீர்த்தன வாசிக்கும்போ ஒனக்கு மூச்சு எங்க விடணும்னு நான் சொல்லித் தந்தேனா? வார்த்த முடியுத எடத்துல தானா விட்டே. இதுக்கு வார்த்த இல்லன்னா நீயே போடு.”

உட்கார்ந்து போட்டேன். கவிதையெல்லாம் இல்லை, வீட்டுக்கு எழுதும் கடிதம் மாதிரி சாதாரணத் தமிழ் வாக்கியங்கள். மெட்டு எங்கே வளைகிறதோ அங்கே ஒரு எழுவாய், எங்கே இறங்குகிறதோ அங்கே வினைமுற்று. வாக்கியம் முடியாத இடத்தில் மூச்சு விட்டால், பேச்சில் திக்குவது போல உடனே உறுத்தியது. சின்ன மூச்சுக்கு இடம் ‘ஆனால்’, ‘அதனால்’ என்று வந்த இடங்களில் கிடைத்தது. மூன்று நாளில் முதல் பக்கம் உடையாமல் வந்தது. அதற்கப்புறம் பட்டியலில் இருந்த பதினொன்றையும் இதே தராசில் நிறுத்தேன். எதற்கு என்னால் வார்த்தை போட முடியவில்லையோ, எத்தனை அழகாக இருந்தாலும் அதை எடுத்து வைத்துவிட்டேன். லென்டோவும் அப்படித்தான் இந்த முறை விடுபட்டது. மூச்சு தயாரானதும் பியானோ பதிப்பை வாங்குவேன்.

மிஞ்சியவை வோகலீஸ், சான்-சான்ஸின் ‘அன்னம்’, கார்ல் ஜென்கின்ஸின் ‘பெனடிக்டஸ்’, ஜோசப் பாரியின் ‘மவான்வி’.

அன்னம் 1886இல் எழுதிய ‘விலங்குகளின் திருவிழா’வில் வருவது. அந்தத் தொகுப்பில் தான் உயிரோடு இருக்கும்வரை வெளியிட சான்-சான்ஸ் அனுமதித்தது இந்த ஒன்றைத்தான். செல்லோவின் சுருதியிலேயே எடுத்தால் முதல் ஸ்வரமே நமக்கு உயரத்தில், அதுவும் மெல்ல ஒலிக்க வேண்டும். ஆரம்பத்திலேயே உதட்டைச் சோதிக்க வேண்டாம் என்று சுருதி இறக்கிய பதிப்பை எடுத்தேன். ஓர் ஆக்டேவ் இறக்கிவிடலாமே என்று நினைக்காதீர்கள். அந்த ஆழத்தில் அன்னம் சேற்றில் நடக்கிற மாதிரி இருக்கிறது.

அன்னத்தில்தான் இன்னொரு பாடமும் கிடைத்தது. சபையில் முழு ஒத்திகை. பியானோ மிக மெல்ல அலையடிக்கிறது, நான் நீண்ட ஒரு ஸ்வரத்தைப் பிடித்திருக்கிறேன். குழாய்க்குள் கொடகொடவென்று தண்ணீர் கொதிக்கிற சத்தம் வந்தது. மூச்சின் ஈரம் சேர்ந்த நீர்தான். வேகமான பாட்டில் யாருக்கும் கேட்காது, இங்கே கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. நீரை வெளியேற்றும் வாட்டர் கீயை அழுத்தினேன், நிற்கவில்லை. காம்பென்ஸேட்டிங் வால்வு (கீழ் ஸ்வரங்களின் சுருதியைச் சரிசெய்யும் அமைப்பு) உள்ள யூபோனியத்தில் வால்வுகளுக்குப் பின்னால் இருக்கிற சின்ன வளைவுகளிலும் நீர் தங்கும். ஸ்லைடை, அதாவது கழற்றக்கூடிய வளைவுக் குழாயை, கழற்றிக் கவிழ்த்தால்தான் போகும். ஒவ்வொரு மெதுவான உருப்படிக்கும் முன்னால் இதைச் செய்தே ஆக வேண்டும். உருப்படியை அறிமுகப்படுத்தி நான்கு வாக்கியம் பேசிக்கொண்டே செய்யப் பழகினேன். சபையாருக்கும் கதை கிடைக்கிறது, உதட்டுக்கும் ஓய்வு.

உதடு என்றதும் வரிசை பற்றிச் சொல்ல வேண்டும். மெதுவானது சுலபம், களைப்பு தராது என்று நானும் நினைத்திருந்தேன். நேர்மாறு. நீளமாக, மெல்ல, உயரத்தில் பிடிப்பதுதான் உதட்டைத் தின்கிறது. பிந்தைய ஓர் ஒத்திகையில் நான்கையும் அடுத்தடுத்து வைத்து, இருபது நிமிடத்தில் பெனடிக்டஸின் உயரத்தில் ஸ்வரம் வெறும் காற்றாக வந்தது. அந்த மெட்டு மூலத்தில் செல்லோவுக்கு. லீட்ஸில் இருக்கும் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகம் கேட்டு எழுதிய, 2000இல் அரங்கேறிய சமாதானத் திருப்பலியில் வருகிறது. போரில் இறந்தவர்களை இந்த நாடே நினைக்கும் நவம்பரில் அதை விட மனம் வரவில்லை. ஆகவே அதை இரண்டாவதாக, உதடு தெம்பாக இருக்கும்போதே வைத்தேன். அதற்குப் பின்னால் ஐந்து நிமிடம் பியானோ மட்டும். பிறகு வோகலீஸ், கார்னிவல், கடைசியில் மவான்வி.

சுருதி சேர்ப்பதும் பெரிய வேலை. குளிர்ந்த பித்தளை கீழே இறங்கும், பியானோ அசையாது. பெட்டியைக் காரிலேயே விட்டுவிட்டு வாசலில் யாரோடும் பேசிக்கொண்டிருக்காதீர்கள். அரை மணி முன்னால் உள்ளே கொண்டுபோய் வெறும் மூச்சை ஊதிச் சூடேற்றுங்கள். அப்போதும் ட்ரெபிள் கிளெஃபின் மேல் ஜி கொஞ்சம் ஏறித்தான் நிற்கும், அந்தக் குழாயின் சுபாவம் அது. நீண்ட ஸ்வரமாக அது வரும் இடங்களைத் தாளில் வட்டமிட்டு, பியானோவோடு தனியாகப் பிடித்துப் பழகினேன்.

ஞாயிறன்று மழை இல்லை. அன்னம் சத்தமில்லாமல் நீந்தியது. பெனடிக்டஸ் முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே அமைதியாக இருந்தார்கள். கடைசியில் மவான்வி. 1875இல் வந்த வேல்ஸ் மொழிப் பாட்டு, வார்த்தை உள்ள பாட்டு, மூச்சுக்கு நான் தேட வேண்டியதே இல்லை. இரண்டாவது முறை மெட்டு திரும்பியபோது முன்வரிசைப் பெரியவர்கள் வாய் திறக்காமல் முனக ஆரம்பித்தார்கள். பியானோ அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அவர்களுக்காகத் தன் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்.

ராத்திரி ஒலிப்பதிவை அப்பாவுக்கு அனுப்பினேன். காலையில் அழைத்தார். அன்னத்தைப் பற்றியோ மவான்வியைப் பற்றியோ பேசவில்லை.

“அந்த வார்த்த இல்லாத பாட்டுல எங்க மூச்சு விட்டே மக்களே? ரெண்டு தடவ கேட்டேன், எனக்குப் பிடிபடல.”