மஞ்சள் டிரம்மை மறித்த 1909-ஆம் வருஷத்து பேட்டன்ட்

மஞ்சள் கிழங்குக்குப் பாலிஷ் போட நான் செய்த டிரம்முக்கு பேட்டன்ட் வாங்கப் போனால் இன்றைக்குத் தொழிலில் இருக்கும் யாராவது குறுக்கே வருவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். வந்தது 1909-ல் அமெரிக்காவில் இரும்பு வார்க்கிற பவுண்டரி வேலைக்காக ஒருவர் வாங்கிய பேட்டன்ட். எங்கள் அப்பாருவே அப்போது பிறக்கவில்லை. எப்படியோ போன மாதம் என் பேட்டன்ட் கிராண்ட் ஆகிவிட்டது, அதாவது கொடுத்துவிட்டார்கள், அதனால்தான் உட்கார்ந்து எழுதத் தெம்பு வந்திருக்கிறது.

பேட்டன்ட் விண்ணப்பத்துக்கான படிவம் 1, படிவம் 2, ஆன்லைன் தாக்கல் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தனிநபர் என்றால் தாக்கலுக்கு 1,600 ரூபாய், பரிசோதிக்கச் சொல்லிப் படிவம் 18 போட 4,000 ரூபாய். அதில் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. தொந்தரவு ஆரம்பித்தது என் விண்ணப்பத்தைக் கவனித்த பேட்டன்ட் ஏஜென்ட் கொடுத்த தேடல் அறிக்கையில், அதாவது இதே மாதிரி முன்னாலேயே யாராவது செய்திருக்கிறார்களா என்று தேடிப் பார்த்த அறிக்கையில். அதற்குத் தனியாகக் காசு வாங்கினார். அழகாக பைண்டிங் போட்டுக் கொடுத்தார். உள்ளே இருந்தது மொத்தமும் 1976-க்குப் பிந்தைய பேட்டன்ட்கள். காரணம் அப்புறம்தான் புரிந்தது. அமெரிக்க பேட்டன்ட்களில் 1976-க்கு முந்தையவை வெறும் படமாக ஏற்றப்பட்டவை, அமெரிக்க பேட்டன்ட் அலுவலகத்து இணையதளத்தில் ரொம்ப காலம் அவற்றை எண், தேதி, வகைப்பாடு (எந்த வகைப் பொருள் என்று குறிக்கும் எண்) வைத்துத்தான் தேட முடிந்தது, சொல்லைப் போட்டால் எதுவும் வராது. ஏஜென்ட் ஆபீஸில் சொல்லைப் போட்டுத் தேடிவிட்டு, பழசு ஒன்றுமே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் தேடல் அறிக்கை வாங்கினால் முதலில் கேட்க வேண்டியது, எந்த வருஷத்திலிருந்து தேடினீர்கள், வகைப்பாட்டு எண் போட்டுத் தேடினீர்களா என்பதைத்தான்.

மஞ்சள்காட்டுக்காரர்களுக்கு டிரம்மைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. வேகவைத்துக் காயவைத்த விரலியையும் கிழங்கையும் வலையடித்த டிரம்மில் போட்டுச் சுற்றினால் மேல்தோலும் வேரும் உரசி உதிர்ந்துவிடும். இதில் இரண்டு தலைவலி. ஒன்று தூசி, பாலிஷ் போடுகிற நாளில் களத்துப் பக்கம் நிற்க முடியாது. இன்னொன்று, சரக்கு தேயத் தேய டிரம்மில் இடம் கூடி, விரலி உயரத்திலிருந்து விழுந்து முறியும். மண்டியில் முறிந்த விரலிக்கு விலை குறைத்துத்தான் கேட்பார்கள். என் மிஷினில் டிரம்மைத் தாங்கும் தண்டையே குழாயாக்கி, அதன் வழியாகத் தூசியை ப்ளோயரில் இழுத்துவிடுவேன். உள்ளே நீளவாக்கில் ஸ்பிரிங் வைத்த கீல் சட்டங்கள். முழு லோடு இருக்கும்போது எடையில் மடங்கிக் கிடக்கும், லோடு குறைந்தால் எழுந்து நின்று விழுகிற விரலியைப் பாதி உயரத்திலேயே தாங்கும். தண்டுக் குழாய்தான் என் பெரிய கண்டுபிடிப்பு என்று நான் மட்டுமல்ல, ஏஜென்டும் நினைத்தார். விண்ணப்பத்தில் ஸ்பிரிங் சட்டம் பற்றிய பத்தியை நீளம் என்று அவர் வெட்டப் பார்த்தார். இருக்கட்டும் சார் என்று பிடிவாதமாக விடவைத்தேன். கடைசியில் காப்பாற்றியது அந்தப் பத்திதான், அதைப் பின்னால் சொல்கிறேன்.

பேட்டன்ட் அலுவலகம் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு அனுப்பும் எஃப்.இ.ஆர். என்கிற முதல் பரிசோதனை அறிக்கை ஏஜென்டின் மெயிலுக்குத்தான் போகும். போயிருக்கிறது. எனக்குச் சொல்லவில்லை. அறிக்கைத் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் பதில் போட வேண்டும், நீட்டிப்பு வேண்டுமென்றால் அந்த 6 மாதம் முடிவதற்குள் படிவம் 4 கொடுத்து அதற்கும் கட்டணம் கட்ட வேண்டும், இரண்டும் இல்லையென்றால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். இதெல்லாம் தெரிந்த ஆபீஸ்தான் வாய் திறக்காமல் இருந்தது. விண்ணப்ப எண்ணைப் போட்டால் நிலவரம் யார் வேண்டுமானாலும் ஆன்லைனில் பார்க்கலாம். அப்படித் தற்செயலாகப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. போன் போட்டால் அங்கே இருக்கும் பையன், "சார் கோர்ட்டுக்குப் போயிருக்காருங்க, வந்ததும் கூப்பிடச் சொல்றனுங்க." பெருந்துறையிலிருந்து கோயமுத்தூருக்கு பஸ் ஏறி நேரில் போனால் அதே பையன் அதே பதில்.

அப்புறம் அந்தப் பையனே அறிக்கையின் சாரத்தை வாட்ஸ்அப்பில் டைப் செய்து அனுப்பினான். என் மிஷின் புதுசு இல்லை என்று எனக்கு எதிராகக் காட்டியிருந்தது இரண்டு. ஒன்று அந்த அமெரிக்க பேட்டன்ட், இன்னொன்று பிரிட்டிஷ் பேட்டன்ட். பிரிட்டிஷுக்கு எண்ணை மட்டும் போட்டுவிட்டு வருஷத்தை விட்டுவிட்டான். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், இல்லை. பிரிட்டனில் 1915 வரைக்கும் ஒவ்வொரு ஜனவரியிலும் எண் மறுபடி 1-லிருந்து தொடங்கும். 1916-ல்தான் 100001 என்று ஆரம்பித்துத் தொடர் எண் போட்டார்கள். ஆக, வருஷம் இல்லாத ஐந்திலக்க எண் என்றால் அதே எண்ணில் வருஷத்துக்கு ஒரு பேட்டன்ட் இருக்கும். ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு வருஷமாகப் போட்டுப் பார்த்தேன். சைக்கிள் சீட் வந்தது, அடுப்பு வந்தது, பூட்ஸுக்கு மாட்டுகிற ஏதோ கொக்கி வந்தது, டிரம் மட்டும் வரவில்லை. அசல் அறிக்கையை அனுப்பச் சொல்லிக் கத்திய பிறகுதான் வருஷம் கிடைத்தது. பேட்டன்ட் தேடும் எஸ்பேஸ்நெட் தளத்தில் இந்தப் பழைய பிரிட்டிஷ் பேட்டன்ட்களைத் தேடும் முறை இதுதான்: நாட்டுக் குறியீடு, அடுத்து நாலு இலக்க வருஷம், அடுத்து ஐந்து இலக்க எண். எண் சின்னதாக இருந்தால் முன்னால் பூஜ்யம் போட்டு ஐந்தாக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்படி ஒன்று இல்லை என்றுதான் வரும்.

அமெரிக்கப் பேப்பர் உடனே கிடைத்துவிட்டது, படிக்கத்தான் முடியவில்லை. அந்தக் காலத்து அச்சு இரண்டு பத்தியாக இருக்கும், ஐந்து வரிக்கு ஒருமுறை வரி எண் இருக்கும். கூகுள் பேட்டன்ட்ஸில் கம்ப்யூட்டர் வாசித்துக் கொடுக்கும் எழுத்தில் அந்த வரி எண்கள் வாக்கியத்துக்கு நடுவில் புகுந்துகொள்ளும், படத்திலிருக்கும் பாகங்களின் எழுத்துக் குறிகள் வேறு எழுத்தாக மாறிவிடும். அதை நம்பி மொழிபெயர்ப்பில் போட்டால் கந்தல்தான். பிடிஎஃப்பை இறக்கி, வரைபடத் தாளை மட்டும் பெரிய அளவில் பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு குறியையும் பென்சிலில் சுற்றிக்கொண்டே விவரணையைப் படிப்பதுதான் வழி. அந்தக் கால வரைபடம் அவ்வளவு சுத்தமாக இருக்கும், பட்டறையில் வேலை பார்த்தவனுக்கு அதைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

அப்படிப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. வார்த்த இரும்பில் ஒட்டிய மணலைச் சுற்றிச் சுற்றி உதிர்க்கும் டம்ப்ளிங் பேரல், இரண்டு பக்கமும் குழாய்த் தண்டு, ஒரு பக்கத்தில் உறிஞ்சும் விசிறி. தூசி போகும் திசைக்கு அம்புக்குறி வரை என் படம் மாதிரியே இருந்தது.

இந்தக் கட்டத்தில் ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். "அது காலாவதியான பேட்டன்ட்டுங்க மாப்ள, அதுக்குப் போயி பயந்துக்கிட்டு" என்றார் மாமா ஒருத்தர். காலாவதி ஆனது வாஸ்தவம், அப்போது அங்கே கிராண்ட் ஆன நாளிலிருந்து 17 வருஷம்தான் ஆயுள். ஆனால் காலாவதி என்றால் யார் வேண்டுமானாலும் அப்படி ஒரு பேரல் செய்து விற்கலாம் என்றுதான் அர்த்தம், அதையே நான் புதுசு என்று மறுபடி பேட்டன்ட் வாங்க முடியாது. ஏஜென்ட் ஆபீஸ் ஜூனியர் வேறு மாதிரி சொன்னார்: 1912-க்கு முந்தையது எதுவும் நம் சட்டத்தில் செல்லாது சார். அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் சட்டத்தை எடுத்துப் பார்த்தால், 1970-ஆம் வருஷச் சட்டத்தின் 29-ஆம் பிரிவில் அப்படி ஒரு வரி நிஜமாகவே இருக்கிறது, ஆனால் அது இந்தியாவில் 1912 ஜனவரி 1-க்கு முன் போட்ட விண்ணப்பங்களின் விவரக்குறிப்புக்கு (கண்டுபிடிப்பை விளக்கி எழுதும் தாள்) மட்டும். 1911-ஆம் வருஷப் பழைய பேட்டன்ட் சட்டம் அமலுக்கு வந்த நாள் அது. ஆக, அதே பேரலுக்கு 1909-ல் கல்கத்தாவில் விண்ணப்பம் போட்டிருந்தால் அந்தத் தாளை மட்டும் வைத்து என்னை மடக்கியிருக்க முடியாது, வாஷிங்டனில் போட்டதால் மடக்கலாம். இந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

கிளெய்ம் பகுதியை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் இடத்தை மட்டும் படித்தால் போதும் என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள். எதிராகக் காட்டப்படும் பேப்பரில் வரைபடம், விவரணை, போகிற போக்கில் எழுதின வரி எல்லாமே கணக்கில் வரும்.

நடுவில் ஒரு வீண் அலைச்சல். பிரிட்டிஷ் பேப்பரின் வரைபடம் ஸ்கேனில் ஒரு மூலை கறுத்துப் போயிருந்தது. அந்தக் கால இன்ஜினியரிங் பத்திரிகைகளில் நல்ல பிரதி இருக்கலாம் என்று ஒருவர் சொல்ல, ஒரு பழைய கல்லூரி நூலகத்துக்குப் போனேன். பிரின்சிபால் லெட்டர் வேண்டும் என்றார்கள், வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். "அந்த ரூம் சாவி அவருகிட்டத்தான் இருக்குதுங், அவரு லீவுங்." எப்போது வருவார் என்று கேட்டால், "மக கல்யாணமுங்." சரி, வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் அன்றைக்கே திரும்பும் வழியில் கணபதியில் பவுண்டரி வைத்திருக்கும் சொந்தக்காரரிடம் போனது வீண் போகவில்லை. மணலை உதிர்க்க இப்போது அவரிடம் ஷாட் பிளாஸ்ட் மிஷின் இருக்கிறது, பின்பக்கம் தகரக் கொட்டகையில் பழைய டம்ப்ளிங் பேரல் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்சுவர் முழுக்கப் பள்ளம் பள்ளமாக நசுங்கியிருந்தது, அடியில் கைப்பிடி அளவு நட்சத்திரத் துண்டுகள், வார்ப்போடு சேர்த்துப் போட்டுச் சுற்றுகிற இரும்பு நட்சத்திரங்கள், முனை மழுங்கிப்போய். உள்ளே பட்டையாக வைத்திருந்த ரிப் ஒன்று பாதி பிய்ந்து தொங்கியது. "ரெண்டு விரக்கட இரும்பையே அது தின்னுபோடுமுங்க, நீங்க ஸ்பிரிங்கு வெப்பீங்களாக்கும்" என்று சிரித்தார். எனக்கு வேண்டிய பதிலே அதுதான். இரும்பையும் இரும்பையும் மோதவிட்டு மணலை உதிர்க்கிற பேரலுக்குள் மடங்கி எழும் ஸ்பிரிங் சட்டம் வைக்க எந்த பவுண்டரிக்காரனுக்கும் தோன்றாது. அங்கே சரக்கு வேகமாக விழுந்தால்தான் வேலை நடக்கும், என் டிரம்மில் அது மெதுவாக விழ வேண்டும். போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அதே கொட்டகையில் ஒரு அமெரிக்க ட்ரில்லிங் மிஷின் கிடந்தது. தகட்டில் பேட்டன்ட் தேதி 1908 மார்ச், நாள் 3-ஆ 8-ஆ என்று தெரியாத அளவுக்குத் துரு. அமெரிக்க பேட்டன்ட்கள் செவ்வாய்க்கிழமைதான் வெளியாகும். 1908 மார்ச் 3 செவ்வாய், 8 ஞாயிறு, ஆகவே 3. பழைய மிஷின் வைத்திருப்பவர்களுக்கு இது உதவும் என்று சொல்கிறேன், என் கதைக்குச் சம்பந்தம் இல்லை.

பதில் எழுதும்போது தண்டுக் குழாயைத் தனிக் கிளெய்மாக வைத்துச் சண்டை போடலாம் என்று ஏஜென்ட் சொன்னார். வேண்டாம் என்றேன். ஸ்பிரிங் சட்டத்தை முதல் கிளெய்மிலேயே சேர்த்து, குழாயை ஏற்கனவே தெரிந்த சமாச்சாரமாக வைத்துவிட்டோம். இந்த இடத்தில்தான் அந்தப் பத்தியின் அருமை. முழு விவரக்குறிப்பு போட்ட பிறகு அதில் இல்லாத விஷயத்தைத் திருத்தம் என்ற பேரில் நுழைக்க 59-ஆம் பிரிவு விடாது. வெட்டியிருந்தால் கையில் வெறும் குழாய்தான் மிஞ்சியிருக்கும். அதனால் உங்கள் மிஷினில் இருக்கும் கீல், ஸ்பிரிங், போல்ட், கோணம், இதெல்லாம் எதற்கு என்று யார் சொன்னாலும் கேட்காமல் அத்தனையையும் எழுதி வைத்துவிடுங்கள்.

பேட்டன்ட் அலுவலகத்து விசாரணை வீடியோவில் நடந்தது, சீக்கிரமே முடிந்துவிட்டது. பரிசோதகர் இரண்டு பேப்பரையும் கரைத்துக் குடித்திருந்தார். பேரல் சுற்றும்போது நட்சத்திரம் என்ன ஆகும் என்று அவரே கேட்டார், போட்டோவைக் காட்டினோம்.

கிராண்ட் வந்ததும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். புதுப்பிப்புக் கட்டணம் 3-ஆம் வருஷத்திலிருந்து கணக்கு, தனிநபருக்கு முதல் சில வருஷம் ஆண்டுக்கு 800 ரூபாய். கிராண்ட் தாமதமாக வந்திருந்தால் அதுவரை சேர்ந்த வருஷங்களுக்கெல்லாம் பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் மொத்தமாகக் கட்ட வேண்டும். இதையும் ஏஜென்ட் ஆபீஸ் சொல்லவில்லை, நானே பார்த்து நானே கட்டினேன். கட்டின மறுநாள் அந்தப் பையன் போன் பண்ணி, "சார், ரினிவல் கட்டணுமுங்களாமா, எங்க சர்வீஸ் சார்ஜ் தனிங்க" என்றான்.