ஹோல்டில் கேட்ட குரல்

மொரீஷியஸில் எபென் சைபர் சிட்டியில் நான் வேலை பார்த்த கால் சென்டரில் எங்கள் எல்லோருக்கும் இரண்டு பெயர். அடையாள அட்டையில் ஒன்று, ஹெட்செட் மாட்டியதும் ஒன்று. பிரான்ஸிலிருந்து இன்டர்நெட் வரவில்லை என்று கூப்பிட்டுத் திட்டுகிறவர்களுக்கு நான் 'நிக்கோலா'. பக்கத்து இருக்கைப் பையன் 'ஜூலியன்'. இந்த ஊர்த் தமிழர் பெயர்கள் பலவும் ரோமன் எழுத்தில் 'இ, என்' என்றுதான் முடியும். ஜூலியனும் அப்படியே முடிவதால் தனக்குப் பொய் சொல்வது போலவே இல்லை என்பான். அலுவலகத்தில் எல்லோருமே அவனை ஜூலியன் என்றுதான் கூப்பிட்டோம். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

நான் புதுச்சேரிக்காரன். பள்ளியில் வேண்டாவெறுப்பாகப் படித்த பிரெஞ்சு 2012-இல் என்னை இந்தத் தீவில் கொண்டுவந்து விட்டது. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்து, ஆகா, பேச்சுத்துணைக்குக் குறைவிருக்காது என்று நினைத்தேன். ஆனால் இங்கே தமிழர்கள் வீட்டில் பேசுவது கிரியோல். கோவிலில் தமிழ், தைப்பூசக் காவடியில் தமிழ், பேச்சில் மட்டும் அநேகமாக இல்லை. அதற்காக அவர்களுக்கு மொழிமேல் அக்கறை இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 1998-இல் புது நோட்டுகளில் தமிழும் இந்தியும் இடம் மாறி அச்சானபோது எழுந்த எதிர்ப்பில் அரசு அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டிவந்தது.

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது எங்கள் குழுவில் இருந்த அக்கா. ரோஸ் ஹில்லைச் சேர்ந்தவர், சனிக்கிழமைகளில் கோவிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பார். அவருடைய தமிழ் முழுக்கப் புத்தகத்தில் கற்றது. நான் சேர்ந்த முதல் நாள் என்னிடம் வந்து நின்று, "தம்பி, நீ உணவு உட்கொண்டாயா?" என்று கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு "உட்கொண்டேன் அக்கா" என்றேன். அன்றிலிருந்து அவர் மேசையில்தான் சாப்பாடு.

அந்த மேசையில்தான் 'ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்' பார்க்க ஆரம்பித்தோம். மார்வெல் சூப்பர்ஹீரோ படங்களில் பின்னணியில் வந்துபோகும் உளவு அமைப்பை வைத்து ஏபிசி தொலைக்காட்சி எடுத்த தொடர். 2013 செப்டம்பர் 24 அன்று முதல் எபிசோடை அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். அப்புறம் கூட்டம் கரைந்தது. எங்கள் மேசையிலும் பத்துப் பேர் ஐந்தானோம். கோல்சன் என்ற மேலதிகாரி ஒரு விமானத்தில் ஐந்து பேரை வைத்துக்கொண்டு வாரம் ஒரு மர்மத்தைத் துரத்துவார், எதுவும் முன்னே நகராது. காரணம் பிறகுதான் புரிந்தது. ஷீல்ட் அமைப்புக்குள்ளேயே எதிரியான ஹைட்ரா ஊடுருவியிருக்கிறது, அமைப்பே சரியப்போகிறது என்ற பெரிய திருப்பம் 'கேப்டன் அமெரிக்கா: தி வின்டர் சோல்ஜர்' படத்துக்குச் சொந்தமானது. படம் அமெரிக்காவில் வெளியானது 2014 ஏப்ரல் 4. அதுவரை தொடர் வாயைத் திறக்க முடியாது. மேலிடத்து முடிவு வரும்வரை நாமும் ஃபைலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்துவோமே, அப்படிப் பதினாறு எபிசோடு ஓட்டியிருக்கிறார்கள்.

அந்த ஜனவரியில் எனக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. குவாலிட்டி. பதிவான கால்களைக் கேட்டு நூற்றுக்கு மதிப்பெண் போடுகிற வேலை. பிரெஞ்சில் 'எகூத்' என்பார்கள், கேட்பது என்று அர்த்தம். யார் காலை எப்போது கேட்கிறேன் என்று யாருக்கும் தெரியாது. வணக்கம் சொன்னாரா, பெயரைச் சொன்னாரா, வருத்தம் தெரிவித்தாரா, ஹோல்டில் இரண்டு நிமிடத்துக்கு மேல் போட்டாரா என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். இதில் ஒரு விஷயம் உண்டு. வாடிக்கையாளரை ஹோல்டில் போட்டால் அவர் காதில் இசை ஓடும், ஆனால் பதிவு நிற்காது. மைக்கை அணைக்க மறந்தால் பேசுவது அத்தனையும் எனக்கு வந்து சேரும். முறுக்கு கடிக்கிற சத்தம், பாட்டு, கொட்டாவி, பக்கத்து ஆளிடம் சொல்கிற வீட்டுக் கதை. குழுவில் பாதிப் பேருக்கு இது தெரியாது. நான் சொல்லவும் இல்லை. மார்ச்சில் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, ஹோல்டில் பேசுவதையும் குறிப்பு எழுதிக் கொடு என்றார். கொடுத்தேன்.

சரி, அந்த எபிசோடுக்கு வருகிறேன். முதல் சீசனின் பதினேழாவது, 'டர்ன், டர்ன், டர்ன்'. அங்கே செவ்வாய் ஏப்ரல் 8 இரவு எட்டு மணி என்றால் எங்களுக்குப் புதன் விடியற்காலை நாலு. மதியம் ஷிஃப்டுக்கு வரும்போது ஜூலியன் பென் டிரைவோடு வந்தான். எங்கிருந்து இறக்கினான் என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் சாப்பாட்டு இடைவேளையில், மைக்ரோவேவ் வரிசையில் நின்றது போக, இருபது நிமிடம்தான் மிஞ்சும். அதனால் எந்த எபிசோடையும் இரண்டு நாளாகப் பிரித்துத்தான் பார்ப்போம். புதன்கிழமை பாதி, வியாழக்கிழமை மீதி.

முந்தின எபிசோடு முடிந்ததே கோல்சனின் குழுவில் இருக்கும் மெலிண்டா மே அவரை நோக்கித் துப்பாக்கி நீட்டுவதில். விமானத்திலிருந்து அவள் ரகசியமாக யாருக்கோ தகவல் அனுப்பிக்கொண்டிருந்த லைனை அதே குழுவின் ஃபிட்ஸ் கண்டுபிடித்து அறுத்திருந்தான். ஆக, கூட இருக்கிற துரோகி மேதான் என்று மேசையில் மூன்று பேர். விக்டோரியா ஹேண்ட் என்ற அதிகாரி என்று ஒருத்தி. ஜூலியன் யாரையும் சொல்லவில்லை. தோற்றவர் ஜெயித்தவருக்கு ஒரு ஜோடி டால் பூரி வாங்கித் தர வேண்டும். புதன்கிழமை பாதியில் நிறுத்தியபோது மேலாளர்கூட எட்டிப் பார்த்து "யார் செத்தது?" என்று கேட்கிற அளவுக்கு முகங்கள் இருந்தன.

வியாழக்கிழமை மீதி. முதலில் மே வாயைத் திறந்தாள். தகவல் அனுப்பியது எதிரிக்கு இல்லை, ஷீல்டின் தலைவர் ஃபியூரிக்கு. செத்துப் பிழைத்த கோல்சன் எப்படி இருக்கிறார் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு அவளுக்கு. எனக்கு அப்பாடா என்று இருந்தது. பாருங்கள், நல்லதுக்குத்தான் செய்திருக்கிறாள் என்றேன். அக்கா லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "யாருக்குச் சொன்னாள் என்பது வேறு, தம்பி. கூட அமர்ந்து உண்டுகொண்டே சொன்னாள் அல்லவா?"

நான் தயிரைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அடுத்து காரெட் மாட்டினான். கோல்சனின் பழைய நண்பன், கலகலப்பான ஆள், பில் பேக்ஸ்டன் நடித்தது. கோல்சன் தன்னிடம் சொல்லவே சொல்லாத ஒரு விவரத்தைப் பேச்சுவாக்கில் உளறிவிடுகிறான். கோல்சனின் முகம் ஒரு நொடி அப்படியே நிற்கிறது. கோல்சனாக நடித்தவரை அதுவரை நான் பெரிதாக மதித்ததில்லை. அந்த ஒரு நொடிக்காக மதித்தேன்.

கடைசிக் காட்சி. விமானத்தில் காரெட்டுக்கு விலங்கு. ஹேண்ட், கோல்சன் குழுவின் வார்டைப் பார்த்து, நீயே இவனைச் சுட்டுக்கொள் என்கிறாள். வார்ட் எழுந்து இரண்டு காவலர்களைச் சுடுகிறான், அடுத்து ஹேண்டைச் சுடுகிறான். பதினாறு வாரம் எங்களோடு உட்கார்ந்திருந்த, பொறுப்பான, கொஞ்சம் உம்மணாமூஞ்சியான வார்ட்.

"துரோகி!" என்று அக்கா போட்ட சத்தத்தில் அந்தப் பக்கம் காபி எடுத்துக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரப் பயிற்சியாளர் திரும்பிப் பார்த்தார். ஹேண்ட்மேல் பந்தயம் கட்டியவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருவன் சிரித்துவிட்டான், ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. ஜூலியன் ஒன்றும் பேசவில்லை. எழுபது எண்பது நொடி பின்னால் தள்ளி, சுடுகிற இடத்தை மறுபடி ஓட்டினான். மறுபடியும். மூன்றாம் முறை, வார்டின் கண்ணுக்கு நேரே திரையில் விரலை வைத்து, "நடிக்கிறான் அண்ணா. உள்ளே போய் வேவு பார்க்கப் போகிறான். அடுத்த வாரம் பாருங்கள்" என்றான். அவனுக்கு ஓட்டமாக வருகிற தமிழ்ச் சொற்கள் இருபது இருக்கும், அதில் 'அண்ணா' ஒன்று. மிச்சமெல்லாம் கிரியோலில் சொன்னான். பந்தயத்தில் யாரும் ஜெயிக்காததால் டால் பூரியை அவரவர் காசில் தின்றோம்.

உலகம் முழுக்க அவனைப் போல நிறையப் பேர் இருந்தார்கள். வார்டின் பக்கம் நிற்போம் என்பதையே கோஷமாக்கி வாரக்கணக்கில் நின்றார்கள். எங்கள் வேனில் அந்தக் கட்சிக்கு ஒரே உறுப்பினர் ஜூலியன். இரவு பத்து மணிக்கு எபெனில் கிளம்பி ரோஸ் ஹில், கத்ர் போர்ன், வாக்குவா என்று இறக்கிவிட்டுப் போகும் வேன். வழியெல்லாம் சாட்சியம் எடுப்பான். ஷீல்ட் என்றால் உனக்கு என்ன அர்த்தம் என்று முதல் எபிசோடில் கேட்டதற்கு, அந்த எழுத்துகள் கேடயம் என்று வர வேண்டுமென்று யாரோ ரொம்ப ஆசைப்பட்டிருக்கிறார்கள் என்று வார்ட் சொன்ன பதிலைக்கூட ஆதாரமாக எடுத்துப் போடுவான். அப்படி நக்கலடிப்பவன் நல்லவன்தானாம். அமைப்பின்மேல் அவனுக்கு நம்பிக்கை இல்லை என்பதற்குத்தான் அது ஆதாரம் என்று அக்கா அதே வசனத்தைத் திருப்பிப் போடுவார். இரண்டும் எனக்குச் சரியாகவே பட்டன.

அந்த மாதக் கடைசியில் ஜூலியனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. போனஸும் போயிற்று. ஒரு காலில் வாடிக்கையாளரை ஹோல்டில் போட்டுவிட்டு, சூப்பர்வைசரைப் பற்றிப் பக்கத்து ஆளிடம் கிரியோலில் ஏதோ சொல்லியிருந்தான். நகைச்சுவைதான், நன்றாகவும் இருந்தது, கேட்டபோது நானே சிரித்தேன். சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்திருந்தேன். சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்று ஒட்டுக்கேட்டிருக்க வேண்டும் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். வேனில் என்னிடம்தான் வந்து சொன்னான். "விடு, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். மேசையில் வார்டைத் திட்டுகிறவர்களோடு சேர்ந்து நானும் திட்டிக்கொண்டிருந்த காலம் அது.

மே 6-ஆம் தேதி எபிசோடில் வார்டின் கடந்த காலம் வந்தது. சிறார் சிறையிலிருந்து காரெட் அவனை மீட்டுக் காட்டில் ஒரு நாயோடு விட்டுவிடுகிறான். கடைசியில் அந்த நாயைக் கொல்லச் சொல்கிறான். வார்ட் வானத்தைப் பார்த்துச் சுடுகிறான், நாய் ஓடிவிடுகிறது. ஜூலியன் மேசையைத் தட்டினான். ஆனால் அடுத்த ஷாட்டில் யாரோ துப்பாக்கித் தொலைநோக்கி வழியாக அந்த நாயைக் குறிபார்க்கிறார்கள். யாருடைய கண் அது? காரெட்டா, வார்டா? ஒரு வாரம் சண்டை போட்டோம். இன்றும் எனக்குத் தெரியாது. அதே எபிசோடில், நீ நல்லவன், எனக்குத் தெரியும் என்று ஃபிட்ஸ் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கெஞ்சக் கெஞ்ச, வார்ட் அவனையும் குழுவின் இன்னொரு ஆளான சிம்மன்ஸையும் பெட்டியோடு கடலில் தள்ளிவிடுகிறான். ஜூலியன் இந்த முறை பின்னால் தள்ளிப் பார்க்கவில்லை. பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இடைவேளை முடியும் முன்பே எழுந்து போனான்.

அதற்கு அடுத்த வாரம், சோற்றில் குழம்பு ஊற்றிக்கொண்டே அக்காவிடம் கேட்டேன்: "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா அக்கா?"

"முடிந்தது" என்றார். கரண்டி மட்டும் கிண்ணத்தின் மேல் அப்படியே நின்றது. அம்மாவின் கண்ணைப் பற்றி அவர் என்னிடம் சொன்னதே இல்லை என்பது எனக்கு ஒரு கவளம் கழித்துத்தான் உறைத்தது. முந்தின வாரம் ஹோல்டில் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் சொன்னது அது. அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. ஊறுகாயை என் பக்கம் தள்ளினார். அடுத்த நாளிலிருந்து குழுவில் யாரும் ஹோல்டில் பேசுவதில்லை. மைக் அணையும் சின்ன 'டிக்' மட்டும் பதிவில் கேட்கும். அக்கா எல்லோருக்கும் சொல்லியிருந்தார். யார் கேட்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஜூலியன் என்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஜூன் மாதம் ஒரு மாலை, அக்காவின் கால் ஒன்று என் பட்டியலில் வந்தது. லியோனிலிருந்து ஒரு கிழவர், மோடத்தில் சிவப்பு விளக்கு. அக்கா சரியாக வணக்கம் சொன்னார், பெயர் சொன்னார், வருந்தினார், பொறுத்திருக்கச் சொல்லி ஹோல்டில் போட்டார். 'டிக்' சத்தம் வரவில்லை. மைக் திறந்தே இருந்தது. கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம். அப்புறம், வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிற அதே நிதானத்தில், அந்த மாடி முழுக்க என் ஒருவனைத் தவிர வேறு எந்த குவாலிட்டி ஆளுக்கும் புரியாத மொழியில்:

"தம்பி, இன்று நீ மேசைக்கு வரவில்லை. உணவு உட்கொண்டாயா?"

இரண்டு முறை கேட்டேன். பிறகு படிவத்தை நிரப்பினேன். 94. ஹோல்ட் இரண்டு நிமிடத்தைத் தாண்டிப் பதினோரு விநாடி ஓடியிருந்ததால் ஆறு மதிப்பெண் குறைத்தேன்.