நம்பப்படாத அளவீடு

நிலவில் இறங்கப்போன ஹகுட்டோ-ஆர் லேண்டர் ஏன் விழுந்தது என்று ஜப்பானின் ஐஸ்பேஸ் நிறுவனம் 2023-இல் சொன்ன விளக்கத்தில் ஓர் இடம் இன்னும் மனத்தை உறுத்துகிறது. தரையிலிருந்து உயரத்தை ரேடாரால் அளக்கும் உயரமானியில் பழுதே இல்லை. சரியாகத்தான் அளந்தது. கணினிதான் அதை நம்பவில்லை.

நிலவின் அட்லஸ் பள்ளத்தின் விளிம்பில் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் செங்குத்துச் சரிவு. லேண்டர் அதைக் கடந்ததும் தரை சட்டென்று கீழே போனது, அளந்த உயரமும் எகிறியது. எதிர்பார்த்ததற்கும் அளந்ததற்கும் இவ்வளவு வித்தியாசமா, கருவி கெட்டுவிட்டது என்று நிரல் முடிவுகட்டி, அதன் அளவீடுகளை ஒதுக்கிவிட்டது. பிறகு சொந்தக் கணக்கில் இறங்கி, உயரம் பூஜ்யம் என்று நினைத்தபோது தரை இன்னும் 5 கிலோமீட்டர் கீழே இருந்தது. தரையைத் தேடி மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே எரிபொருளைத் தீர்த்தது.

அந்த விதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் எழுதியிருப்பேன். லேண்டர் சாய்ந்திருந்தால் ரேடார் கற்றை பக்கவாட்டு மேட்டில் பட்டுத் திரும்பும், தரைக்கு அருகே எஞ்சின் கிளப்பும் தூசியும் ஏமாற்றும். அப்படி வந்த ஒரே ஒரு பொய் எண்ணை நம்பி எஞ்சினை அணைத்தால் கதை முடிந்தது. சொந்தக் கணக்குக்கு ஆதாரம், வேகம் மாறுவதை அளக்கும் முடுக்கமானி. அதில் வினாடிக்கு வினாடி 0.001 மீட்டர் பிழை இருந்தாலும் 600 வினாடியில் உயரத்தில் சேர்வது 180 மீட்டர்தான். அந்தக் கணக்கை நம்பும் நிரலுக்கு 3 கிலோமீட்டர் பிழை நடக்கவே முடியாத ஒன்று. அது தர்க்கப்படி சரியாகவே நடந்துகொண்டது.

ஆனால் முடுக்கமானி வழியாகக் கிடைக்கும் உயரம் வேறு, ரேடார் சொல்லும் உயரம் வேறு. முதலாவது நிலவின் மையத்திலிருந்து கணக்கிட்டது, இரண்டாவது அந்த நொடியில் காலடியில் இருக்கும் தரையிலிருந்து அளந்தது. இரண்டையும் ஒப்பிட நடுவே நிலப்பரப்பு வரைபடம் வேண்டும். நிலவைச் சுற்றிவரும் அமெரிக்காவின் எல்ஆர்ஓ விண்கலம் 2009 முதல் லேசரால் நிலவை அளந்து வருகிறது, அதனால் அந்தச் சரிவு யாருக்கும் தெரியாத ஒன்றல்ல. 2021 பிப்ரவரியில் வடிவமைப்பு மறுஆய்வு முடிந்த பிறகுதான் இறங்குமிடம் அட்லஸுக்கு மாறியது, புதிய பாதையின் மேடுபள்ளம் ஒத்திகைகளில் போதிய அளவு சேரவில்லை. அப்படியென்றால் தப்பு நிரலிலா, இடத்தை மாற்றிய முடிவிலா? ஒருநாள் அது என்கிறேன், மறுநாள் இது என்கிறேன்.

ஒருமுறை ஒதுக்கினால் அடுத்தடுத்த அளவீடும் எதிர்பார்ப்பிலிருந்து விலகியே வரும், கருவிக்குத் திரும்பி நுழைய வழியில்லை. தொடர்ந்து 10 அளவீடுகள் தங்களுக்குள் ஒத்துப்போனால் சந்தேகத்தைக் கணக்கின் மேல் திருப்பு என்று ஒரு விதி வைக்கலாம். வைத்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

உடனே ஐரோப்பாவின் ஷியாபரெல்லி லேண்டர் நினைவுக்கு வருகிறது. 2016 அக்டோபரில் செவ்வாயில் இறங்கியபோது அதன் சுழற்சி உணரி ஏறக்குறைய ஒரு வினாடி உச்ச அளவிலேயே சிக்கி நின்றது. கணினி அதை அப்படியே நம்பியது. உயரம் எதிர்மறை எண்ணாக வந்தும் கேள்வி கேட்காமல், 3.7 கிலோமீட்டர் உயரத்தில் பாராசூட்டைக் கழற்றிவிட்டது. அந்த ஒரு வினாடியில் எத்தனை அளவீடு வந்து போயிருக்கும்! தமக்குள் ஒத்துப்போகும் பொய்கள் என் 10 என்ற எண்ணை எளிதாகத் தாண்டிவிடும். 50 என்று வைத்தால் மெய்யான அளவீடும் வெளியே காத்திருக்கும், அதுவரை லேண்டர் இறங்கிக்கொண்டே இருக்கும்.

2025 ஜூன் 5 அன்று ஐஸ்பேஸின் இரண்டாவது லேண்டரும் விழுந்தது. இம்முறை லேசர் தூரமானியின் செல்லுபடியான அளவீடே தாமதமாகத்தான் வந்தது. போதிய அளவு வேகத்தைக் குறைக்க அவகாசம் இல்லை. வரம்பை எவ்வளவு தளர்த்தினாலும் உள்ளே விடுவதற்கு அங்கே எண்ணே இல்லை. அந்த 10-ஐ நான் இன்னும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன்.