ஆடிக் காற்றைத் தாங்கிய தார்ப்பாய்த் தையல்

பணகுடிப் பக்கத்துத் தோட்டத்தில் கட்டியிருக்கும் தார்ப்பாயின் மூலைத் தையல்கள், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் ஆடிக் காற்றை இந்தப் பருவம் முழுவதும் தாங்கி நின்றுவிட்டன என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் எழுதுகிறேன். சென்ற ஆண்டு துணி கிழியவில்லை, நூல்தான் அறுந்தது; ஆகவே இம்முறை நூலை மாற்றினேன்.

ஒரே தடிமனில் நைலான் சற்றுக் கூடுதல் வலுவுடையது. திடீரென்று இழுபடும்போது நீண்டும் கொடுக்கும். ஆனால் அது நனைந்தால் தளரும், வெயிலிலும் விரைவில் நைந்துபோகும். எனவே மலையேறும் முதுகுப்பைக்கு நைலான் என்றும், நாளெல்லாம் வெயிலில் கிடக்கும் தார்ப்பாய்க்குப் பாலியஸ்டர் என்றும் பிரித்துக்கொண்டேன். நான் எடுத்தது பாண்டட் பாலியஸ்டர், அதாவது புரிகள் பிரியாதபடி பூச்சால் பிணைத்த நூல்; கனம் டெக்ஸ் 70, அதாவது ஆயிரம் மீட்டர் நூலின் எடை 70 கிராம். உறையில் டெனியர் என்ற இன்னோர் அளவில் 210 டெனியர், மூன்று புரி என்று போட்டிருந்தாலும் கனம் அதேதான்.

டவுனில் நான் ஏறி இறங்கிய கடைகளில், கனமோ இழையின் வகையோ அச்சிடாத கண்டை எடுத்து வைத்து, "இது கெட்டி நூல்" என்று மட்டும் சொல்வது எனக்கு உண்மையிலேயே எரிச்சலூட்டுகிறது. சட்டை தைக்கும் 120 ஆம் எண் நூலைவிட நான் தேடிய 40 ஆம் எண் தடிமனானது என்பதைக்கூட விளக்க வேண்டியிருந்தது. இறுதியில் பை, செருப்புத் தைப்பவர்களுக்குச் சரக்கு விற்கும் கடையில்தான் கிடைத்தது.

என் உழைப்பை எல்லாம் வாங்கியது, தையல் இயந்திரத்தில் அடி நூல் உருளை உட்காரும் கூடான பாபின் கேஸின் திருகுதான். விறைப்பான இந்த நூலை உள்ளே ஏற்றியதும், சாதாரண நூலுக்கு வைத்திருந்த இறுக்கம் பொருந்தாமல் போகிறது. திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, கேஸை நூலிலேயே தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும்: சும்மா இருக்கையில் இறங்காமல், மெல்லச் சுண்டினால் மட்டும் சற்றே இறங்குவது சரியான பதம். அதன்பிறகே மேல் நூலைத் தொட வேண்டும். அடியில் கண்ணி கண்ணியாகத் தொங்கினால் மேல் நூல் தளர்வு. அடி நூல் மேலே எட்டிப் பார்த்தால் மேல் நூல் இறுக்கம். இரு நூலும் கோத்துக்கொள்ளும் பின்னல், துணி அடுக்குகளின் நடுவே மறைந்திருக்க வேண்டும். அடுக்கின் கனம் மாறினால் பின்னல் விழும் இடமும் மாறுவதால், மூலையில் எத்தனை மடிப்பும் நாடாவும் வருமோ அத்தனையையும் வைத்து வெட்டுத் துண்டில் தைத்துப் பார்ப்பது கட்டாயம். ஊசி 18 ஆம் எண். அதற்குச் சிறியதில் காது உரசி நூல் சிலும்பெடுக்கிறது. தையலின் நீளம் 4 மில்லிமீட்டர். நெருக்கித் தைத்தால் வலு கூடுவதற்குப் பதில் ஊசித் துளைகளின் வரிசையிலேயே துணி கிழியும்.

முதுகுப்பையின் இடுப்புப் பட்டை இன்னும் பாதியில் கிடக்கிறது. ஆனால் ஐப்பசி மழைக்கு முன் கூடாரத்தின் மேல்விரிப்பைத் தைத்தாக வேண்டும் என்பதால், பாலியஸ்டர் இழைமேல் பருத்தி சுற்றிய நூலைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நனைந்ததும் பருத்தி உப்பி, ஊசித் துளையை அடைத்துக்கொள்ளும்.