இருந்திட்டுப் போங்கோ: ஒரு பாட்டின் நாட்குறிப்பு

மார்ச் 3, 2024, முள்ளியவளை

சீட்டுக்காசு கைக்கு வந்து மூன்றாம் நாளே கரைந்துவிட்டது. மைக்கும், குரலைக் கொம்பியூட்டருக்குள் எடுக்கிற இன்டர்ஃபேஸும் கொழும்பிலிருந்து பார்சலில் வந்து இறங்கின. இரண்டும் சேர்த்து 85,000 ரூபா. “அந்தக் காசுக்கு ஒரு பசுக்கன்று வாங்கியிருக்கலாம் பிள்ளை” என்றார் அம்மா. வாங்கினாலும் புல்லுப் போடுவது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அறையைத் தயார் பண்ணியதை எழுதிவைக்க வேண்டும். ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தினேன். கதவுக்கு இரண்டு போர்வை. அலுமாரியைத் திறந்துவிட்டு, அம்மாவின் சீலைகள் தொங்குகிற பக்கம் மைக்கைத் திருப்பி வைத்தேன். சீலைக்குள் முகத்தை வைத்துப் பாடினால் எதிரொலி செத்துப்போகிறது. சுவரைப் பார்த்துப் பாடினால் கிணற்றுக்குள் நின்று கூப்பிடுவது மாதிரி இருக்கிறது. ஃபேனை நிற்பாட்ட வேண்டும், அதுதான் கொடுமை. நான்கு தரம் பாட, சட்டை பிழியலாம் போல ஆகிவிட்டது.

ஐந்தாவது தரம் நன்றாக வந்தது. போட்டுக் கேட்டால் நடுவில் பல்லி சொல்கிறது. நல்ல சகுனமாம். அம்மா சொன்னார்.

மார்ச் 17

தண்ணீரூற்றில் சாமத்திய வீடு, ஒரு பிள்ளை பெரியபிள்ளையான கொண்டாட்டம். பன்னிரண்டு பாட்டு, 10,000 ரூபா, ஒரு பார்சல் சாப்பாடு. பன்னிரண்டும் சென்னையில் செய்த சினிமாப் பாட்டுகள். கீபோர்ட் அண்ணாவின் பென்டிரைவில் எல்லாவற்றுக்கும் ‘ட்ராக்’ இருக்கிறது. நான் வாயை மட்டும் கொண்டுபோனால் போதும்.

சின்ன வயதிலிருந்து வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகள், பிறகு மருதனார்மடத்தில் சங்கீதப் பட்டப்படிப்பு நான்கு வருஷம். பட்டம் எடுத்தால் ஆசிரியர் நியமனம், நியமனம் வந்தால் கலியாணம். ஊருக்குத் தெரிந்த தாளம் அது ஒன்றுதான். நியமனம் வரவில்லை. ஆகவே பின்னேரத்தில் ஒன்பது பிள்ளைகளுக்குச் சரளி வரிசை, சனி ஞாயிறில் கலியாண வீடு, இரவில் அலுமாரிக்குள் பாட்டு.

ஏப்ரல் 9

பாட்டு வந்த விதம்.

பக்கத்து வீட்டு மாமி வந்து கதைத்துவிட்டு எழும்பினா. அம்மா குசினிக்குள்ளிருந்து கத்தினார்: “தேத்தண்ணி வைக்கிறன், இருந்திட்டுப் போங்கோ!” ஆயிரம் தரம் கேட்ட வசனம். இன்றைக்குத்தான் அது மேலிருந்து கீழே இறங்கியது காதில் பட்டது. ‘இருந்திட்டு’ ஒரே சுரத்தில் நிற்கிறது, ‘போ’ ஒரு படி ஏறுகிறது, ‘ங்கோ’ வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. ஆர்மோனியத்தில் தேடிப் பார்த்தேன். பஞ்சமத்தில் தொடங்கி, காந்தாரத்தில் கொஞ்சம் ஆடி, ஸட்ஜத்தில் வந்து உட்காருகிறது.

இரவு அம்மப்பாவுக்குப் பாடிக் காட்டினேன். அவர் கோவலன் கூத்து அண்ணாவியார், கூத்துப் பழக்குகிறவர். முல்லைத்தீவுப் பாணியான முல்லைமோடிக் கூத்து, இந்த ஊரின் சொத்து. கண்ணை மூடிக் கேட்டவர் வேறொன்றைப் பாடத் தொடங்கினார். கண்ணகியைப் பிரிந்து போகிற இடத்தில் வரும் தரு, அதாவது கூத்துப் பாட்டு. அதுவும் அப்படியே வழுக்கி இறங்கியது. அவருடைய கூத்துக் கொப்பிகள் 2009இல், கடைசி யுத்தத்தில், இரணைப்பாலையோடு போய்விட்டன. மிச்சம் இருப்பது அவர் வாயில் இருப்பது மட்டும். பற்களும் குறைவு. போனை அவர் மடியில் வைத்து நாற்பது நிமிஷம் பதிந்தேன். பாதி நேரம் இருமல்.

அந்தத் தருவின் நடையில்தான் என் பாட்டை வைத்திருக்கிறேன். ‘ங்கோ’வின் ஓகாரம் எட்டு எண்ணிக்கைக்கு நிற்கும். முழுப் பாட்டும் அந்த எட்டு எண்ணிக்கைக்காகத்தான்.

மே 4, கொழும்பு

ஒட்டுசுட்டான், மாங்குளம், பிறகு ஏ9. இரவு முழுக்கப் பஸ்ஸில் சென்னைப் பாட்டுகள். விடிய வெள்ளவத்தையில் இறங்கி, முகம் கழுவ இடமில்லாமல் ஒரு கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டு ஸ்ரூடியோ திறக்கும்வரை நின்றேன்.

மிக்ஸிங் செய்கிற அண்ணா கெட்டிக்காரர். அலுமாரிக்குள் பாடியதைச் சொன்னதும் சிரித்தார், ஆனால் குரல் சுத்தமாக இருக்கிறது என்றார். இந்தப் பாட்டுக்குள்ளும் புகுந்திருந்த பல்லியை ஒரு நொடியில் வெட்டி எறிந்தார். (அம்மாவிடம் சொல்லக் கூடாது.) பிறகு பல்லவியை மூன்று தரம் ஓடவிட்டுவிட்டுச் சொன்னார்:

“தங்கச்சி, மெட்டு நல்லாயிருக்கு. ஆனா இந்த ‘போங்கோ’ வெளியில எடுபடாது. தமிழ்நாட்டில மட்டும் ஏழு கோடிக்கு மேல சனம். அவையளுக்கு விளங்க வேணும். ‘போங்க’ எண்டு ஒருக்காப் பாடிப் பாருங்கோ.”

அவர் ‘பாருங்கோ’ என்றதை அவர் கவனிக்கவில்லை.

பாடிப் பார்த்தேன். வீம்புக்கு இல்லை, உண்மையாகவே முயன்றேன். ‘போங்க’ குறிலில் முடிகிறது. எட்டு எண்ணிக்கைக்கு அதை இழுத்தால் ‘போங்காஆஆ’ என்று போய், ஏதோ காய்கறியின் பெயர் மாதிரிக் கேட்கிறது. இழுக்காமல் நிறுத்தினால் ஆறு எண்ணிக்கை வெறுமையாகக் கிடக்கிறது. அதை நிரப்ப அவர் ஒரு புல்லாங்குழலைப் போட்டார். நல்ல புல்லாங்குழல்தான். ஆனால் ‘இருங்கோ’ என்று கேட்டவளைப் பிடித்து வெளியே விட்டுவிட்டு, அவளுடைய கதிரையில் அது உட்கார்ந்திருப்பது போல இருந்தது. இன்னொன்றும் உண்டு. ஓகாரத்துக்கு வாய் குவிகிறது, மூச்சு மெதுவாகச் செலவாகிறது. ஆகாரத்துக்கு வாய் திறந்ததும் காற்று முழுக்க ஓடிப்போகிறது. ஐந்தாம் எண்ணிக்கையில் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

இரண்டு விதமாகவும் பதிந்துகொண்டு வெளிக்கிட்டேன்.

மே 5, பஸ்ஸில்

வவுனியா தாண்டிவிட்டது. நித்திரை வரவில்லை. அண்ணா சொன்னது பிழை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அவருக்குச் சந்தை தெரியும், எனக்குத் தெரியாது.

ரொரன்ரோ மச்சாள் அடிக்கடி பிரதீக் குஹாட்டின் வீடியோக்களை அனுப்புவாள், “உன்னை மாதிரித்தான், படம் ஒண்டும் இல்லாம வந்தவர்” என்று. ஜெய்ப்பூரில் பிறந்து, நியூயோர்க்கில் கணிதமும் பொருளியலும் படித்து, தானே எழுதித் தானே பாடி, 2019இல் ஒபாமாவின் விருப்பப் பாட்டுப் பட்டியல்வரை போனவர். என்னை மாதிரி எப்படி? எனக்கு நியூயோர்க்கும் இல்லை, ஹிந்தியும் இல்லை, இங்கிலீஷும் அரைகுறை. ஒன்று மட்டும் அவரிடம் பார்த்திருக்கிறேன். காதுக்குப் பக்கத்தில் இருந்து கதைக்கிற மாதிரித்தான் பாடுகிறார். மேடைக்கென்று வேறு வாய் வைத்திருக்கவில்லை.

ஜூன் 2

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் காலம் போய் இப்போதுதான் ஊர் அமைதி. முல்லைத்தீவுக் கடலில் எடுத்த நீர் காட்டா விநாயகர் கோயிலில் ஒரு கிழமை விளக்காக எரிந்து, பிறகு அம்மனிடம் போகும். உப்புநீரில் விளக்கெரிவதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ சனம் வரும். அந்த நாளெல்லாம் ஒலிபெருக்கி, ஜெனரேட்டர், காவடி. மெத்தை தாங்குமா? ரெக்கோர்டிங்கை மூட்டை கட்டி வைத்துவிட்டு நானும் சனத்தோடு போய் நின்றேன்.

அண்ணாவுக்கு வாட்ஸ்அப் போட்டேன்: “ஓகாரத்தையே வைப்பம் அண்ணா. புல்லாங்குழல் வேண்டாம்.” தம்ஸ் அப் மட்டும் வந்தது.

ஜூன் 19

பாட்டை ஏற்றினேன். ஸ்பொட்டிஃபை தன் பாட்டுப் பட்டியல்களில் சேர்க்குமா என்று கேட்டுப் பார்ப்பதென்றால் வெளியிடும் நாளுக்கு 7 நாளாவது முன்னால் படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். ஜூலை 5 என்று போட்டேன். எந்த வகைப் பாட்டு என்று ஒரு பட்டியல் திறக்கிறது. அதில் கூத்து இல்லை. ‘ஃபோக்’ என்று குத்திவிட்டேன். மொழிக்குத் ‘தமிழ்’ இருந்தது. எந்த ஊர்த் தமிழ் என்று கேட்கவில்லை. அந்த மட்டில் நிம்மதி.

காசு வரும் வழி இன்னொரு தலையிடி. பேபாலில் இலங்கைக் கணக்குக்குக் காசு அனுப்பலாம், வாங்க முடியாது. அதனால் பயோனியரில் ஒன்று திறந்து, அடையாள அட்டையை ஆறு தரம் படம் பிடித்து அனுப்பினேன். ஆறாவது படத்தைத்தான் நான் என்று ஒத்துக்கொண்டார்கள்.

வராத காசுக்கு வங்கி திறந்தாச்சு.

ஜூலை 12

ஒரு கிழமையில் 214 தரம் கேட்கப்பட்டிருக்கிறது. அதில் பாதி ரொரன்ரோ மச்சாள் என்று நினைக்கிறேன். பட்டியல் எதிலும் சேர்க்கவில்லை. இந்த வருஷத்திலிருந்து ஒரு பாட்டு 12 மாதத்துக்குள் 1,000 தரம் ஓடினால்தான் கணக்கில் சதம் விழும். அந்தப் பயோனியர்க் கணக்கு இப்போதைக்கு விரதம்.

அம்மப்பாவின் காதடியில் போனைப் பிடித்துப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டார். ஓகாரம் வந்த இடத்தில் தலை ஆடியது. முடிந்ததும் கைத்தாளத்தைப் பற்றிக் கேட்டார்:

“சல்லாரி ஆர் போட்டது?”

“கொம்பியூட்டர், அம்மப்பா.”

“ரெண்டாஞ் சரணத்தில பிந்துது மோனை.”

அறைக்குள் வந்து கோப்பைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு மயிரிழை. ஆனால் பிந்தித்தான் இருக்கிறது. கொழும்பிலும் பிடிபடவில்லை, எனக்கும் பிடிபடவில்லை.

ஆகஸ்ட் 25

புதுக்குடியிருப்பில் கலியாணம். ஆவணி பிறந்ததிலிருந்து ஓய்வில்லை. தாலி கட்டி முடிந்து சனம் சாப்பாட்டுப் பந்திக்கு எழும்பியதும் கீபோர்ட் அண்ணா சொன்னார்: “இப்ப ஒருத்தரும் கேக்க மாட்டினம், உன்ர பாட்டைப் பாடு.” நல்ல மனசுதான், சொன்ன விதம்தான் அப்படி.

ட்ராக் இல்லை. அவர் ஸட்ஜத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். பந்தியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம், சோற்று வாளியோடு ஓடுகிற பெடியன்கள், யாரோ ஒரு குழந்தையின் அழுகை. முதல் சரணம் காற்றோடு போனது. பல்லவிக்குத் திரும்பி வந்து ‘இருந்திட்டுப் போங்கோ’ என்று எடுத்து ஓகாரத்தைப் பிடித்தேன். அந்த நேரம் வெற்றிலை மடித்த கையோடு ஒரு ஆச்சி மேடைக்கு முன்னால் வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தா. நின்றா. என்னைப் பார்த்து, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னா:

“இல்லைப் பிள்ளை, ஒட்டுசுட்டான் ஒண்டரை பஸ்ஸை விட்டா பிறகு பின்னேரம்தான். இன்னொரு நாளைக்கு வாறன்.”

எனக்கு ஐந்தாம் எண்ணிக்கையில் சிரிப்பு வந்துவிட்டது. மிச்ச மூன்றையும் கீபோர்ட் அண்ணா பிடித்துக்கொண்டார்.