மே மாத ஏரி, கவனம்

வெயில் 20 டிகிரி அடித்ததும் இங்கே கனடாவின் ஒன்டாரியோவில் எல்லோரும் கார் மேல் கனோவை (துடுப்பு போடும் ஒல்லியான படகை) கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அல்கொன்குயின் வனப் பூங்கா ஏரிகளில் பனி உருகியே கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும்.

படகு கவிழ்ந்தால் முதல் ஆபத்து உடல் விறைப்பு இல்லை, மூச்சு. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் நம்மை அறியாமல் வாய் திறந்து மூச்சை இழுக்கும். அப்போது தலை உள்ளே இருந்தால் கதை முடிந்தது. மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் கணக்கு 1-10-1. மூச்சு அடங்க 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், குளிரில் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்தில் கவிழ்ந்த கனோ மேல் எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஏறிக்கொள்ளுங்கள். கரை ரொம்பப் பக்கம் என்றால் சரி, நீந்தலாம்.

1978 ஜூனில் டெமிஸ்காமிங் ஏரியில் கனோக்கள் கவிழ்ந்து 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். ஜூன் மாதம்!

லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. விறைத்த விரலால் தண்ணீருக்குள் அதை எப்படி மாட்டுவீர்கள்?

அப்புறம், தண்ணீரிலிருந்து மீட்கப்பட்டவருக்கு பிராந்தி வேண்டாம், கை காலைத் தேய்க்கவும் வேண்டாம். ஈரத் துணியைக் கழற்றி, படுக்கவைத்துப் போர்த்திவிட்டு அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள்.