லேப்டாப் கொதித்த கதை: 98 டிகிரியிலிருந்து 798 மெகாஹெர்ட்ஸ் வரை

2024 மே மாதம், கத்திரி வெயில். அம்பத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடி அறைதான் என் ஆபீஸ், என் கேமிங் ரூம், எல்லாம். மதியம் அந்த அறையில் 36 டிகிரி சர்வசாதாரணம். அங்கே உட்கார்ந்து ஜிடிஏ 5 ஆடினால் லேப்டாப் சூடாகத்தானே செய்யும் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பே என்னை மூன்று வாரம் சுற்றலில் விட்டது.

லேப்டாப் 2021-இல் வாங்கியது. ப்ராசஸர் இன்டெல் பத்தாம் தலைமுறை ஐ7-10750எச், ஆறு கோர். கிராஃபிக்ஸ் ஜிடிஎக்ஸ் 1660 டிஐ. மூன்று வருடம் எந்தக் குறையும் வைக்கவில்லை. மார்ச்சில் நாற்காலிச் சக்கரம் ஏறி சார்ஜர் ஒயர் நசுங்கிப் போனது. ரிச்சி தெருவுக்குப் போய் 1,100 ரூபாய்க்கு ஒரு மாற்றுச் சார்ஜர் வாங்கி வந்தேன். இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் அப்போது நானும் இதை ஒரு வரி விஷயமாகத்தான் நினைத்தேன்.

தொல்லை இப்படி இருந்தது. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் 75 எஃப்பிஎஸ் (திரையில் நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்ற கணக்கு) 50-க்கும் 60-க்கும் நடுவே ஆட ஆரம்பிக்கும். ஃபேன் விமானம் கிளம்புவது போலக் கத்தும். கீபோர்டில் டபிள்யூ எழுத்துப் பக்கம் விரல் வைக்க முடியாது. அதையும் பொறுத்துக்கொண்டு ஆடினால், முக்கால் மணி நேரத்தில் திடீரென்று 14 எஃப்பிஎஸ். கார் ஓட்டுகிறேனா, போட்டோ ஆல்பம் புரட்டுகிறேனா என்று தெரியாது. ஓரிரு நிமிடத்தில் சரியாகும், மறுபடி விழும்.

அம்மா காபி கொண்டு வந்தவர் லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுல அப்பளமே பொரிஞ்சிடும் போலிருக்கே" என்று சொல்லிப் பூஜைத் தாம்பாளத்தைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப்பை வைத்துவிட்டுப் போனார். காற்றுக்கு இடைவெளி கிடைத்ததாலோ என்னவோ, கொஞ்சம் குறைந்தது. அந்த மூன்று வாரத்தில் முதலில் வேலை செய்த வைத்தியம் அதுதான்.

நான் செய்தது என்ன? விண்டோஸை ஃபார்மேட் அடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. டிரைவரைப் பழையதாக்கி, புதியதாக்கிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. அப்புறம் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடை. அந்தத் தம்பி லேப்டாப்பை ஆன் பண்ணிக்கூடப் பார்க்கவில்லை. அடியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "மதர்போர்டு வீக் ஆயிடுச்சு சார், மாத்தினா இருபத்தெட்டு வரும்" என்றார். இருபத்தெட்டாயிரம்! யோசித்துச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று இரவுதான் முதல் முறையாக அளந்து பார்க்கலாம் என்று தோன்றியது. எச்டபிள்யூஇன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள். ஒவ்வொரு கோரின் சூடு, வேகம், மின்சாரம் எல்லாவற்றையும் நொடிக்கு நொடி காட்டும். அதைப் பின்னால் ஓடவிட்டு ஆடினேன். ப்ராசஸர் 98 டிகிரி. இந்தச் சிப்புக்கு வரம்பு 100. அதை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 'தெர்மல் த்ராட்லிங்' என்ற வரியில் சிவப்பில் 'யெஸ்' என்று எரிந்துகொண்டிருந்தது. சரி, நோய் தெரிந்துவிட்டது, தூசியும், சிப்பின் சூட்டை மேல்தகட்டுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோனதும்தான் என்று முடிவுகட்டினேன். பத்து நிமிடம் ஆடியதும் நிறுத்திவிட்டேன். முக்கால் மணி நேரம் விட்டுப் பார்த்திருந்தால் கதை பாதியில் முடிந்திருக்கும்.

மறுநாள் 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஒரு பாட்டில், எம்எக்ஸ்-4 பேஸ்ட் ஒரு ட்யூப், சின்ன ஸ்க்ரூடிரைவர் செட். அடி மூடியைத் திறக்க காலாவதியான ஏடிஎம் கார்டு. பன்னிரண்டு ஸ்க்ரூவையும் டெட்டால் மூடியில் போட்டு வைத்தேன். இதில் ஒரு புத்திசாலித்தனம் செய்திருக்கலாம்: ஒரு அட்டையில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைப்பது. நான் செய்யவில்லை.

மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் அது. அப்புறம் ஃபேன். மேலிருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகத்தான் இருந்தது. "இதுல தூசியே இல்லையே" என்று ஏமாந்துபோக வேண்டியதுதான். ஃபேனின் மேல்தகட்டைக் கழற்றி, இறக்கைக்கும் செம்புத் தகட்டு வரிசைக்கும் நடுவே எட்டிப் பார்த்தால் அங்கே ஒரு கம்பளி. நிஜமாகவே கம்பளி மாதிரி, சாம்பல் நிறத்தில், சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரே துண்டாக உரிந்து வந்தது. அம்மாவின் தலைமுடி, என் தலைமுடி, போர்வை நூல், எங்கிருந்தோ ஒரு கோழி இறகு. வெளியே ப்ளோயர் அடித்தால் இது போகாது, இன்னும் உள்ளே இறுகும். அப்புறம் ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சும்மா விட்டால் அது தன் வேகத்துக்கு மேல் சுற்றி பேரிங் கெட்டுவிடும்.

சிப்பின் சூட்டை வாங்கிக் கடத்தும் தகடான ஹீட்சிங்க்கில் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்குப் பக்கத்திலும் 1, 2, 3 என்று எண் அச்சடித்திருந்தது. மாட்டும்போது அந்த வரிசை, கழற்றும்போது தலைகீழ் வரிசை, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. அழுத்தம் ஒரு பக்கமாகப் போனால் சிப்பின் மூலை உடையலாம். டெஸ்க்டாப் ப்ராசஸர் மேல் இருக்கும் உலோக மூடி லேப்டாப் சிப்பில் கிடையாது, வெறும் சிலிக்கான்தான். ஹீட்சிங்க்கைத் தூக்கிப் பார்த்தபோது, நடுவில் பேஸ்ட்டே இல்லை. எல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கி, காய்ந்த களிம்பு மாதிரி ஒட்டியிருந்தது. தினமும் சூடாகி, ஆறி, சூடாகி, தகடு விரிந்து சுருங்கியதில் பேஸ்ட்டைப் பிதுக்கித் தள்ளியிருக்கிறது. ஆல்கஹால் தொட்டுத் துடைத்ததும் சிலிக்கான் கண்ணாடியாகப் பளபளத்தது, என் முகம் தெரிந்தது. புதுப் பேஸ்ட்டை நடுவில் ஒரு பொட்டு வைத்து விட்டுவிடவில்லை. சிப் நீளவாட்டில் இருப்பதால் மூலைகளுக்குப் போய்ச் சேராது; கார்டு முனையால் சிப் முழுக்க மெல்லிசாகத் தடவினேன். பக்கத்தில் இருந்த தெர்மல் பேடுகள் (சூடு கடத்தும் மெத்தைத் துண்டுகள்) கிழியாமல் இருந்ததால் அவற்றைத் தொடவில்லை.

எல்லாவற்றையும் மூடினேன். டெட்டால் மூடியில் ஒரு ஸ்க்ரூ மிச்சம்.

ஆன் பண்ணினேன். அதே அறை, அதே ஆட்டம்: 84 டிகிரி. பதினான்கு டிகிரி குறைந்திருக்கிறது. எஃப்பிஎஸ் 75-இல் கல் மாதிரி நின்றது. கீழே இறங்கிப்போய் அம்மாவிடம் இருபத்தெட்டாயிரம் மிச்சம் என்று பீற்றிக்கொண்டேன். மாடிக்குத் திரும்பி, தெம்பாக ஆடினேன். நாற்பத்தைந்தாவது நிமிடம், 14 எஃப்பிஎஸ்.

கோபத்தில் திரையை மாற்றி அளவைப் பார்த்தேன். சூடு 61 டிகிரி. வேகம் 798 மெகாஹெர்ட்ஸ்.

கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். 2.6 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகமும், தேவைப்படும்போது கொஞ்ச நேரம் வேகத்தை ஏற்றிக்கொள்ளும் டர்போவில் 5 வரையும் போகக்கூடிய சிப், 800-ஐக்கூடத் தொடாமல் நிற்கிறது. அதுவும் குளிர்ச்சியாக இருக்கும்போது. சூட்டினால் குறைந்தால் 2.2, 2.4 என்று படிப்படியாக இறங்கும். இது தரையில் விழுந்து கிடக்கிறது. அப்போதுதான் புரிந்தது, எனக்கு இரண்டு நோய். பத்தாவது நிமிடம் வந்தது சூடு. நாற்பத்தைந்தாவது நிமிடம் வந்தது வேறு ஏதோ ஒன்று. இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

த்ராட்டில்ஸ்டாப் என்ற கருவியைப் போட்டுப் பார்த்ததில் 'பிடி ப்ராச்ஹாட்' என்ற எழுத்து சிவந்தது. ப்ராசஸர் சூடானால் வெளியே சொல்வதற்கு ஒரு கம்பி இருக்கிறது. அதே கம்பி வழியாக போர்டில் இருக்கும் மற்ற பாகங்களும் ப்ராசஸரைப் பார்த்து "போதும், அடங்கு" என்று சொல்ல முடியும். யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் என்று கருவி சொல்லாது. அந்தக் கட்டத்தில் ஒரு டிக்கை எடுத்துவிட்டால் ப்ராசஸர் அந்தக் குரலைக் கேட்காது. பலரும் கொடுக்கும் யோசனை அதுதான். நானும் டிக்கை எடுத்தேன். ஆஹா, ஒரு மணி நேரம் தடையே இல்லை. பிறகு ஒரு வாடை. எரிந்த ப்ளாஸ்டிக் இல்லை, ஆனால் அதற்கு முந்தைய வாடை. குனிந்து மேஜைக்கடியில் கிடந்த சார்ஜரைத் தொட்டேன், கையை வெடுக்கென்று எடுத்தேன்.

பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, முதல் முறையாக அதன் முதுகில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். 19.5 வோல்ட், 6.15 ஆம்பியர். பெருக்கினால் 120 வாட். பரணில் இருந்து பழைய, ஒயர் நசுங்கிய சார்ஜரைத் தேடி எடுத்தேன். 19.5 வோல்ட், 9.23 ஆம்பியர். 180 வாட். பின் ஒன்று, வோல்ட் ஒன்று, கடைக்காரர் சொன்னபடி "தாராளமா" செருகியது. அறுபது வாட்தான் குறைந்தது.

கிராஃபிக்ஸ் சிப் மட்டும் 80 வாட் இழுக்கும். ப்ராசஸர் 45, டர்போவில் அதற்கும் மேல். அதற்குள்ளேயே 125 ஆகிவிட்டது. திரை, ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் தனி. பற்றாததைப் பேட்டரியிலிருந்து கடன் வாங்கியிருக்கிறது. சார்ஜரில் போட்டு ஆடும்போதே பேட்டரி 100-லிருந்து இறங்குவதை நான் இரண்டு மாதமாகப் பார்த்திருக்கிறேன். பேட்டரி பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அது ஒரு அளவுக்குக் கீழே போனதும் போர்டு அந்தக் கம்பியைப் பிடித்து இழுத்திருக்கிறது, ப்ராசஸர் 798-க்குப் படுத்திருக்கிறது. கொஞ்சம் ஏறியதும் விட்டிருக்கிறது. முக்கால் மணி நேரக் கணக்கு அதுதான். பாவம், அது சொல்ல வந்ததைத்தான் நான் ஒரு டிக்கை எடுத்து வாயை அடைத்தேன்.

டிக்கைத் திரும்பப் போட்டேன். ஒரிஜினல் 180 வாட் சார்ஜர் 3,900 ரூபாய், வர ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் ஆட்டம் இல்லை.

வந்த அன்று மதியம் மூன்று மணிக்கு, வேண்டுமென்றே அறையின் உச்சச் சூட்டில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். பேட்டரி 100-ஐ விட்டு நகரவில்லை. 86 டிகிரி வரை போனது, வேகம் விழவில்லை. அப்புறம் இரண்டு சின்ன மாற்றம் மட்டும் வைத்துக்கொண்டேன். என்விடியா கன்ட்ரோல் பேனலில் எஃப்பிஎஸ்ஸை 60-க்குக் கட்டிவிட்டேன். திரையே 60 ஹெர்ட்ஸ், அதற்கு மேல் வரைவது வீண் சூடு. ரொம்ப வெயிலான நாளில் பவர் ஆப்ஷன்ஸில் அதிகபட்ச ப்ராசஸர் நிலையை 100-லிருந்து 99 ஆக்கிவிடுவேன். அந்த ஒரு சதவீதம் டர்போவை நிறுத்திவிடும், 2.6-இலேயே ஓடும், சூடு எழுபதுகளுக்கு இறங்கிவிடும். ஜிடிஏவுக்கு அதுவே போதும். லேப்டாப்பின் பின்பக்கத்துக்கு அடியில் இரண்டு பாட்டில் மூடி. தாம்பாளத்தை அம்மா வெள்ளிக்கிழமை திரும்ப எடுத்துக்கொண்டார்.

டிசம்பரில் மறுபடி திறந்து தூசி தட்டினேன். அந்த மிச்ச ஸ்க்ரூவுக்கு உரிய ஓட்டையையும் தேடினேன். எல்லா ஓட்டையிலும் ஸ்க்ரூ இருந்தது.